விலை ஏறாத ஊர்

தலைநகரத்தைக் கைவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு முடிவு செய்தேன். தலைநகரத்துக்கு இதைச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தால் அது சந்தோஷப்பட்டிருக்கும். நான் நின்ற இடத்தில் இன்னும் இரண்டு பேரை நிற்க வைத்திருக்கும்.

பத்தேகாலுக்கு என்ன நடந்தது என்றால், மேலிருந்து மூன்று தட்டு கேட்டது.

எங்கள் தலைக்கு மேல், மாடியில், என் மைத்துனர் குடியிருந்தார். மனைவியின் ஒரே அண்ணன். மனைவியை இழந்தவர், மகன் வெளிநாட்டில். அவரிடம் ஒரு கைத்தடி உண்டு. நடப்பதற்கு அது அவருக்குத் தேவையில்லை, தட்டுவதற்குத்தான். தரையில் ஒரு தட்டு தட்டினால் நான் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டு தட்டினால், என் காசில் வாங்கிய செய்தித்தாளை நான் படித்தது போதும், மேலே அனுப்ப வேண்டும். மூன்று தட்டினால் வாடகை விஷயம், நானே நேரில் போக வேண்டும். மேல்தட்டு வர்க்கம் என்று பத்திரிகையில் படிக்கும்போது மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ, எனக்கு அந்தக் கைத்தடிதான் ஞாபகம் வரும். எங்களைத் தட்டிக் கேட்க ஆளில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. மேலிருந்து தட்டுவார், வாடகை கேட்பார்.

வீடு மாமனார் கட்டியது. அவர் கண்ணை மூடியதும் மைத்துனர் மாடிக்கு ஏறினார். வாடகையும் ஏறியது. என் மனைவிக்கும் அந்த வீட்டில் சரிபாதி உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். மைத்துனருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தை எதற்குப் பேச வேண்டும் என்று அவர் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. பத்தொன்பது வருடம் இப்படியே மரியாதையாகப் போயிற்று.

அன்றைக்கும் மேலே போனேன். மைத்துனர் மடித்த துண்டுச் சீட்டு ஒன்றை நீட்டினார். புதிய வாடகை. ஒவ்வொரு வருடமும் சீட்டை நீட்டும்போது சொல்கிற அதே வாக்கியத்தை அன்றும் சொன்னார்.

"சொந்தம்ங்கிறதால கம்மியாத்தான் ஏத்தியிருக்கேன், மாப்ளே."

"ரொம்ப சந்தோஷம், மச்சான்" என்றேன்.

படியில் இறங்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். ஏறும்போது வந்ததே இல்லை. அன்று கீழ்ப்படியில் நின்றுகொண்டு சபதம் செய்தேன். இந்த மனிதரின் தடிச் சத்தம் கேட்காத ஒரு ஊருக்குப் போகாவிட்டால் நான் மனிதனே இல்லை. வாடகை குறைவாக இருக்க வேண்டும், அது ஒரு காரணம். ஆனால் அது இரண்டாவது காரணம்.

ஊர் தேடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என் உத்தியோகமே அதுதான். நான் வேலை பார்ப்பது விலைவாசிப் பிரிவில். நாட்டில் பன்னிரண்டு ஊர்களில் ஆளுக்கொரு விலை சேகரிப்பாளர் கடைகடையாக ஏறி இறங்கி, உப்பு முதல் முடிவெட்டுவது வரை தொண்ணூறு விலைகளைக் கேட்டு எங்களுக்கு அனுப்புவார். அதையெல்லாம் கட்டம் போட்ட பெரிய தாளில் நிரப்புவது நான். அலுவலகத்தில் ஊர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நாட்டில் எல்லாவற்றின் விலையும் தெரிந்தவன் நான். எதையும் வாங்க முடியாதவனும் நான்தான்.

பழைய பட்டியல்களை அலுவலகத்தில் கழித்துவிடுவார்கள். நல்ல தடித்த தாள். வீட்டுக்குக் கொண்டுவருவேன். மனைவி அதைச் சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிப்பாள். போன வருடத்துத் தாளின் மேல் இந்த வருடத்துத் தாள். நாட்டின் பொருளாதாரத்தின் மேல் எங்கள் உப்பு டப்பா உட்கார்ந்திருந்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து பன்னிரண்டு ஊர்களையும் அலசினேன். ஒன்பதாம் எண் ஊர் தனியாக மின்னியது. வாடகை தலைநகர வாடகையில் நாலில் ஒரு பங்கு. மனை விலை அதைவிடக் குறைவு. முடிவெட்டும் விலையைப் பார்த்தபோது எனக்கு நாக்குழறியது. அந்த விலைக்கு இங்கே முடிதிருத்துபவர் துண்டைக்கூட உதற மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதுதான் வரைபடத்தில் கடைசி ஊர். அதைத் தாண்டினால் கடல்.

அடுத்த ஞாயிறு, பட்டியலை உணவு மேசையில் விரித்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கூடத்தின் பாதியை அவளுடைய தையல் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். மறுபாதியை மகளின் புத்தகங்கள். நான் நடுவில் பக்கவாட்டாக நடப்பேன்.

"என்னங்க இது, வேட்டி மாதிரி விரிச்சு வெச்சிருக்கீங்க?"

"நம்ம தலையெழுத்து."

"அப்படியா? கையெழுத்து நல்லா இருக்கு, உங்களோடதா?"

"விளையாடாதே. நாம இந்த ஊரைவிட்டுப் போறோம். எந்த ஊருக்குன்னு அறிவுபூர்வமா கண்டுபிடிச்சிருக்கேன்."

அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது என்ன, பொருளுக்குப் பக்கத்துல எடைன்னு போட்டிருக்கு? உப்பு சரி. வாடகையை எப்படிங்க நிறுத்துவீங்க?"

"அது அந்த எடை இல்லை. உப்பு விலை ஏறினா குடும்பம் தாங்கும். வாடகை ஏறினா தாங்காது. அதனால உப்புக்கு எடை கம்மி, வாடகைக்கு எடை ஜாஸ்தி."

"இந்த எடையெல்லாம் யார் போடுறது?"

"விவரம் தெரிஞ்சவங்க."

"இதுல?"

"நான்தான் போட்டேன்."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். எடை போட்டாள் என்று தெரிந்தது. எவ்வளவு தேறினேன் என்று சொல்லவில்லை.

"கடைசி வரியில 'சொந்தபந்தம் பக்கத்தில் இருத்தல்'னு ஒண்ணு இருக்கே. இந்த நம்பருக்கு முன்னாடி ஏன் ஒரு கோடு?"

அது கழித்தல் குறி. சொந்தபந்தம் பக்கத்தில் இருந்தால் ஊருக்கு முப்பது மதிப்பெண் குறையும்படி போட்டிருந்தேன்.

"பேனா இழுத்திருக்கும்" என்றேன்.

"ஓ. உங்க பேனாவும் என் அண்ணனும் ஆகாது போல."

அவள் விரல் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து ஒன்பதாம் எண்ணில் நின்றது. அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை போய்வந்தது. பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். அலமாரியில் டப்பாக்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. கோபத்தில் பாத்திரத்தை உருட்டுகிறாள் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தவள் முகத்தில் கோபமே இல்லை.

"இதுல எனக்கு வேண்டியது ஒண்ணும் இல்லையே. அந்த ஊர்ல பள்ளிக்கூடம் எத்தனை, தையல்காரங்க எத்தனைன்னு."

"அதெல்லாம் நாங்க கணக்கெடுக்கறதில்ல."

"பரவாயில்ல, அதை நான் விசாரிச்சுக்கறேன். தாளை ஒரு நாள் வெச்சிட்டுப் போங்க, நிதானமா படிக்கறேன். கீழ உங்க கையெழுத்தும் ஆபீஸ் முத்திரையும் போட்டுக் குடுத்துடுங்க, பாக்க லட்சணமா இருக்கும்."

"வீட்டுத் தாளுக்கு முத்திரை எதுக்கு?"

"உங்க உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

பத்தொன்பது வருடத்தில் என் உழைப்புக்கு மரியாதை என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் பையிலேயே இருந்த ஆபீஸ் முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுத்தேன்.

"அப்ப ஒன்பதாம் எண் ஊர்தான்னு வெச்சுக்கலாமா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அனுபவப்பட்ட கணவன் எவனும் இந்த வாக்கியத்தைக் கேட்டதும் ஓடிப்போய் ஒளிந்துகொள்வான். நான் அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

பட்டியல் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தது. மூலையில் தேநீர்க் கறை, வட்டமாக. எங்கள் வீட்டு டம்ளர்களுக்கு அடி சிறியது. இந்த வட்டம் பெரியது. தொண்ணூறு பொருட்களின் விலையில் ஒரு காசு வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடிப்பவன் நான். அந்த வட்டத்தைப் பார்த்தேன், பேசாமல் மடித்து, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்ற மனைவியிடமே கொடுத்துவிட்டேன். இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். அந்த இரண்டு நாளும் மேலிருந்து தட்டே இல்லை. என் தீர்மானத்தின் வீரியம் மாடிவரை எட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாற்றல் விண்ணப்பத்தைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ரகம் இல்லை. பேனாவின் மூடியைத் திறந்தே வைத்திருப்பார். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் எதில் மாட்டுவான் என்று சொல்ல முடியாது.

என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"ஒன்பதா? நீங்களா கேட்டு வாங்கறீங்களா?"

"ஆமா சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அங்க விலை சேகரிக்கிற ஆள் ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. யாரும் போக மாட்டேங்கறாங்க."

"அப்ப ஆறு வருஷமா அங்கேருந்து அறிக்கை?"

"எங்க வருது? அறிக்கை வராத ஊருக்கு முந்தின மாச விலையையே போடணும்னு சுற்றறிக்கை இருக்கே. நீங்கதான போட்டுட்டு வர்றீங்க?"

நான்தான். மாதக் கடைசியில் காலியாக இருக்கிற கட்டங்களைப் பார்ப்பேன், பழைய தாளில் உள்ளதைப் புதிய தாளில் எழுதுவேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்கிற வேலை அது. பாதிக் கண் மூடியிருக்கும். எந்த ஊர், என்ன பொருள் என்று யார் பார்த்தார்கள்? ஆறு வருடமாக அந்த ஊரில் வெங்காய விலையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்தது அரசாங்கம் அல்ல. வியாபாரிகளின் தங்கமான மனசும் அல்ல. என் பேனா.

"சார், விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கலாமா?"

"கையெழுத்துப் போட்டாச்சே" என்றார், அதைப் போட்டது யாரோ போல.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். மனைவியிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவள் அண்ணனிடம் சொல்வாள். அவர் மாடியில் உட்கார்ந்துகொண்டு சிரிப்பார். சிரித்துவிட்டு, போக்கிடம் இல்லாதவன் என்று தெரிந்துகொண்டு, அடுத்த சீட்டை எழுதுவார். அதைவிட ஒன்பதாம் எண் ஊரில் பட்டினி கிடக்கலாம் என்று தோன்றியது. இருந்தாலும் ஒரு முயற்சி செய்து பார்த்தேன்.

"எட்டாம் எண் ஊர் எப்படி?" என்றேன், அவள் துணி மடிப்பதைப் பார்த்தபடி.

"ஏன், ஒன்பதுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. எட்டுல காத்து நல்லா இருக்குமாம்."

"காத்துக்கு எவ்ளோ எடை போட்டிருந்தீங்க?"

"போடலை."

"அப்ப ஒன்பதுதான். நான் அண்ணன்கிட்ட சொல்லியாச்சு, காலி பண்றோம்னு."

"என்ன சொன்னார்?"

"ரொம்ப சந்தோஷம்னார்."

எனக்கு வலித்தது. போக வேண்டும் என்று துடித்தவன் நான்தான். ஆனாலும் பத்தொன்பது வருடம் ஒருவருக்கு மோட்டார் போட்டிருக்கிறேன். போகாதீங்க மாப்ளே என்று பேச்சுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் மறுத்துவிட்டுப் போயிருப்பேன். அந்தச் சுகமும் கிடைக்கவில்லை.

மாற்றல் ஆணை வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் மனைவி இரண்டு தடவை ஒன்பதாம் எண் ஊருக்குப் போய் வந்தாள். "உங்க லீவை எதுக்கு வீணாக்கணும்? வீடு பாக்கறது பொம்பளைங்க வேலை" என்றாள். ஒரு நாள் நான் அலுவலகம் கிளம்பும்போது இரண்டு பேர் அளவுநாடாவோடு வந்து வாசல் முதல் கொல்லை வரை அளந்தார்கள். யார் என்று கேட்டேன். "கரையான் பாக்க வந்தவங்க" என்றாள். கரையானுக்கு எதற்கு நீள அகலம் என்று கேட்க நினைத்தேன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

இன்னொரு நாள் நான் முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தபோது நாலைந்து தாள்களைக் கொண்டுவந்தாள்.

"இதுல சாட்சி கையெழுத்து ஒண்ணு போடுங்க."

"என்ன தாள்?"

"வீட்டை விட்டுக்குடுக்கற பேப்பர். அண்ணன் போட்டுட்டார், நான் போட்டுட்டேன், நீங்கதான் பாக்கி."

நுரை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. போட்டேன்.

இரண்டாவது தடவை போய்வந்தபோது வீடு அமைந்துவிட்டது என்றாள். கீழ்த்தளம். மூன்று அறை. வாசலில் ஒரு மரம்.

"வீட்டுக்காரம்மா எப்படி?" என்றேன். அடிபட்டவனுக்கு அதுதானே முதல் கேள்வி.

"கொஞ்சம் கறார். ஆனா நியாயமானவ."

"வயசானவங்களா?"

"என் வயசுதான் இருக்கும்."

"புருஷன் என்ன பண்றார்?"

"ஏதோ கவர்மென்ட் உத்யோகம். பாவம், வாயே திறக்க மாட்டார். கையெழுத்துப் போடச் சொன்னா போடுவார்."

"அப்படியும் சில ஆம்பளைங்க" என்றேன், வருத்தத்தோடு. "மாடியில யாரு?"

"ஒரே ஒருத்தர். வாடகைக்கு வரப்போறாராம். பெரியவர், சத்தமே இருக்காதுன்னு நினைக்கறேன்."

மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் இருமல் வந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பரீட்சை நேரம், உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று கவலைப்பட்டேன்.

லாரி வந்த அன்று மைத்துனர் வாசலுக்கு வரவில்லை. அவர் இரண்டு வாரமாகவே ஊரில் இல்லை, மகன் விஷயமாக அலைகிறார் என்று மனைவி சொன்னாள். நான் மாடியை அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல்கள் மூடியிருந்தன. அந்த மூடிய ஜன்னல்களைப் பார்த்து, பத்தொன்பது வருடமாகப் படியில் இறங்கும்போது சொல்லிப் பழகிய வசனங்களையெல்லாம் மனசுக்குள் வரிசையாகச் சொல்லி முடித்தேன். லாரிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

ஒன்பதாம் எண் ஊர் என்னை முடிதிருத்தும் கடையில் வரவேற்றது. சாமான்கள் இறங்கியதும், நாளை முதல் விலை சேகரிக்க வேண்டியவன் என்ற முறையில், ஒரு நடை கடைத்தெருவுக்குப் போனேன். முடிவெட்டிக்கொண்டு பட்டியலில் உள்ள தொகையை நீட்டினேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மீசைக்கு மட்டும்னா சரி" என்றார். "மீதியை யாரு தருவா?"

வெங்காயமும் அப்படித்தான். சோப்பும் அப்படித்தான். தலைநகரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். பட்டியலுக்கு மூன்று மடங்கு. இதை மனைவி எப்போது கண்டுபிடிப்பாள், அப்போது என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே திரும்பினேன்.

வீடு அருமையாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக நேராகத் தரையில் விழுந்தது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கவாட்டாக இல்லை, நேராகவே உட்கார்ந்தேன். மேலே ஒரு சத்தம் இல்லை. விலை போனால் போகட்டும் என்று தோன்றியது. இந்த அமைதிக்கு எந்தப் பட்டியலிலும் விலை போட்டதில்லை. கண்ணை மூடினேன்.

மேலிருந்து மூன்று தட்டு கேட்டது.

என் கால்கள் எழுந்து நின்றுவிட்டன. நான் பிறகுதான் எழுந்தேன். பிரமை என்று சொல்லிக்கொண்டே படி ஏறினேன். பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில், தடியை மடியில் வைத்துக்கொண்டு, மைத்துனர் உட்கார்ந்திருந்தார். கையில் என் பட்டியல். மூலையில் வட்டக் கறை.

"மச்சான், நீங்க இங்க?"

"வெங்காயம் என்ன விலை, மாப்ளே?"

நான் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. நீங்க போட்டதுதான. முத்திரை வேற குத்தியிருக்கீங்க. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்ட கவர்மென்ட் தாளாச்சேன்னு நம்பி, அப்பா வீட்டை வித்தேன்."

"வித்துட்டீங்களா!"

"சாட்சி கையெழுத்துப் போட்டுட்டு இப்ப கேளுங்க. தங்கச்சி தன் பாதியைக் கையில வெச்சாத்தான் கையெழுத்துப் போடுவேன்னா. சரி, போகட்டும், இந்த ஊர்லதான் மனை ஒண்ணுமில்லாத விலையாச்சேன்னு குடுத்தேன். என் பங்குல முக்கால்வாசியைப் பையனுக்கு அனுப்பிட்டேன். மீதியை எடுத்துக்கிட்டு இங்க வந்து பாத்தா, குளியலறைகூட வாங்க முடியலை."

அவர் குரல் உடைந்தது. பத்தொன்பது வருடமாக அவர் ஒருநாள் உடைய வேண்டும் என்று காத்திருந்தவன் நான். பார்க்கச் சகிக்கவில்லை. தடியில்லாமல் அவரால் எழுந்திருக்க முடியாது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"சரி, தட்டினது எதுக்கு?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். "இந்த மாச வாடகை. வீட்டுக்காரிகிட்ட குடுத்துடுங்க."

"எனக்கு அவங்களைத் தெரியாதே. வீட்டுக்காரி எங்க இருக்காங்க?"

"கீழ."

"கீழ நாங்கதான இருக்கோம்?"

"அதான் சொல்றேன். உங்க வீட்டுக்காரிகிட்ட குடுங்க."

"என் வீட்டுக்காரியா, வீட்டுக்காரியா?"

"ரெண்டும் ஒருத்திதான், மாப்ளே" என்றார், என்னைப் பார்த்து இரக்கப்பட்டு. அவர் நிலையில் இருப்பவர் இரக்கப்படும் அளவுக்கு நான் இருந்தேன்.

படியில் இறங்கினேன். வழக்கமாக அங்கே வர வேண்டிய கோபம் வரவில்லை. மனைவி புதிய சமையலறையில் அலமாரித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த உறையைப் பார்த்தாள், வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு பழைய வீட்டு அலமாரியிலிருந்து உரித்துக் கொண்டுவந்த தாள்களில் ஒன்றை எடுத்து என் முன் வைத்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய பட்டியல். உப்பு டப்பாவின் துருக்கறை நடுவில்.

"ஒன்பதாம் எண்ணைப் படிங்க."

படிக்கத் தேவையில்லை. ஒரு எண்கூட மாறியிருக்காது.

"அன்னிக்கு டப்பாவை நகர்த்திப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "அப்புறம் இங்க நூல்கடைக்கு ஃபோன் போட்டு நிஜ விலையைக் கேட்டேன். நாலு பள்ளிக்கூடம் இருக்கு, சீருடை தைக்க ஒரே ஒருத்தர்தான், அவருக்கும் கண்ணு சரியில்லன்னாங்க. போதும்னு முடிவு பண்ணினேன்."

"தெரிஞ்சும் அண்ணன்கிட்ட அந்தப் பட்டியலைக் காட்டியிருக்கே."

"நான் ஒரு பொய்யும் சொல்லலை. உங்க தாளை அப்படியே வெச்சேன். தேநீர் குடிச்சுக்கிட்டே படிச்சார்."

"கரையான் பாக்க வந்தவங்கன்னியே?"

"கரையான்தான். பத்தொன்பது வருஷமா மேலேருந்து அரிச்சுது."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா ஒவ்வொரு செங்கல்லா தட்டிப் பாத்துக் கட்டின வீடுங்க அது. அந்த வீட்ல நான் வாடகைக்கு இருந்தேன். ராப்பகலா தைச்சு எங்கப்பா வீட்டுக்கே வாடகை குடுத்தேன். நீங்க ஒரு நாள், ஒரே ஒரு நாள், மேல போய் ஏன்னு கேக்க மாட்டீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போனீங்க. ஒவ்வொரு தடவையும் போனீங்க. குடுத்துட்டு வந்தீங்க."

"கேக்கணும்னு நினைச்சேன்" என்றேன்.

"தெரியும். நீங்க படியில முணுமுணுக்கறது கீழ கேக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் என்ன விலை என்று கேட்டு எழுதுகிறவன், கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமலே ஒரு வீட்டில் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன். அவள் அதைச் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருக்கலாம்.

"இனிமே எல்லாம் சரியாயிடும்" என்றேன், பேச்சை மாற்ற. "சொந்த வீடு. மாடியில வாடகை வருது. நமக்கு இனி வாடகைத் தொல்லை இல்லை."

அவள் பிளவுஸுக்குள்ளிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். நாலாக மடித்திருந்தது. அந்த மடிப்பு எனக்குப் பழக்கமான மடிப்பு, குடும்ப மடிப்பு.

"இது என்ன?"

"கீழ் வீட்டு வாடகை. மாசாமாசம் அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துடுங்க. பொண்ணு படிப்புக்கு எடுத்து வைக்கப் போறேன்."

"என்னது, நம்ம வீட்ல எனக்கே வாடகையா?"

"என் வீட்லங்க" என்று திருத்திவிட்டு, சீட்டை என் சட்டைப் பையில் வைத்துப் பையை ஒரு தட்டு தட்டினாள்.

"சொந்தம்ங்கிறதால கம்மியாத்தான் போட்டிருக்கேன்."